குடும்ப வரலாற்றைத் தேடும் வழி

வரலாறு என்பது அரசர்க்கும் செல்வர்க்கும் உரியது, நம் போன்ற எளிய குடும்பங்களுக்கு அதில் இடமில்லை என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. தாத்தா கப்பலில் வந்தார், உழைத்தார், மறைந்தார் என்று நூறாண்டுக் கதையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். ஆனால் இந்தச் சிங்கப்பூரில் வாழ்ந்தவர் எவ்வளவு எளியவராயினும், ஏதேனும் ஒரு பதிவேட்டில், ஒரு ரசீதில், ஒரு கல்லில் தம் பெயரை விட்டுச் சென்றிருக்க வாய்ப்புண்டு. அப்பதிவுகளை எழுதியவர்கள் நமக்காக எழுதவில்லை. வரி வாங்கவும், ஆட்களை எண்ணவும், நன்கொடைக்குக் கணக்குக் காட்டவும் எழுதினார்கள். அவற்றை நமக்கு உதவும்படி படிப்பது எப்படி என்பதே இங்கு நான் சொல்ல வந்தது. பாடம் நடத்திய பழக்கத்தால் சற்று விரிவாகவே சொல்வேன், அன்பர்கள் பொறுத்தருள்க.

நம் ஆலயங்களிலிருந்தே தொடங்குவோம். 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுப்பிய கோயிலே இன்றைய ஸ்ரீ மாரியம்மன் ஆலயம். இதை யாவரும் அறிவர். ஆனால் 1831இல் பக்கத்து நிலத்தைக் கோயிலுக்கு அளித்த சேஷால பிள்ளையை எத்தனை பேர் அறிவர்? அந்தக் கொடையைக் குறித்த கல் ஆலயத்தில் இருக்கிறது. அம்மனைத் தரிசித்தபின் இரண்டு நிமிடம் நின்று அதையும் பார்த்து வாருங்கள். கொடுத்தவர் போய்விட்டார், அவர் காலத்துச் சிங்கப்பூரும் போய்விட்டது. கல் மட்டும் அவர் பெயரைச் சொல்லிக் கொண்டிருக்கிறது.

சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்தின் கதை இன்னும் நல்ல பாடம். அந்நிலத்தை 1855இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து 26 ரூபாய் 8 அணாவுக்கு வாங்கியவர்கள் என ஆறு பெயர்கள் வழங்கி வருகின்றன. அருணாசலம் பிள்ளை, கூத்தபெருமாள் பிள்ளை, ராமசாமி பிள்ளை, அப்பாசாமி பிள்ளை, சொக்கலிங்கம் பிள்ளை, ராமசாமி ஜமேதார் என்போர் அவர்கள். ஐவருக்குப் 'பிள்ளை' என்று இருப்பதால் ஐவரும் ஒரே குடும்பத்தார் என்று கொள்ளலாமா? கூடாது. வெள்ளையர்க்குக் குடும்பப் பெயர் உண்டு, நமக்குத் தந்தை பெயரே முன்னெழுத்து. பிள்ளை என்பது குலப் பட்டம். ஜமேதார் என்பதோ பதவியின் பெயர். ஆங்கிலப் பதிவுகளில் பட்டத்தை வைத்துத் தேடுகிறவர் நூறு பிள்ளைகளுக்கு நடுவில் நின்று திகைப்பார். தந்தை பெயர், தெரு, தொழில் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

எழுத்தையும் நம்பக்கூடாது. ஆங்கிலப் பதிவில் 'கூட்டபெருமாள்' போலத் தோன்றுவது நம் கூத்தபெருமாள்தான். பதிவு செய்த குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். ஆகவே அதைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். நம் நாக்கு அடையாளம் கண்டுகொள்ளும்.

பெருமாள் கோயிலைப் பற்றிப் பேசினால் பி. கோவிந்தசாமி பிள்ளையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1887இல் பிறந்து, 1905இல் பெற்றோரிடம் சொல்லாமலே கப்பலேறி இங்கு வந்த இளைஞர் அவர். மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் 'பி.ஜி.பி.' என்ற மூன்றெழுத்தைத் தேக்கா முழுதும் அறியச் செய்தார். 1965இல் திறக்கப்பட்ட கல்யாண மண்டபமும், 1979இல் குடமுழுக்குக் கண்ட ராஜகோபுரமும் அவர் கொடை. 1980இல் மறைந்தார். அவர் வாழ்வில் ஒன்றைக் கவனியுங்கள். வசதி வந்த பின்னரே கல்லும் செய்தித்தாளும் அவர் பெயரைச் சொல்லத் தொடங்கின. 1905இல் கடையில் மூட்டை தூக்கிய பையனை எந்தக் கல்லும் பதியவில்லை. நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் அந்த 1905ஆம் ஆண்டுப் பையனாகவே கடைசிவரை இருந்துவிட்டவர்கள். அவர்களை எங்கே தேடுவது?

சிங்கப்பூரில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1872 முதல் உள்ளன. கூலியானாலும் முதலாளியானாலும் அந்தப் பதிவேட்டில் ஒரே அளவு கட்டந்தான். இங்கு என் குடும்பத்தைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதியுங்கள். மஹாளய அமாவாசையன்று தர்ப்பணம் செய்கையில் ஐயர் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார். ஆண்கள் பெயரைச் சொல்லிவிடுவோம். தந்தையைப் பெற்ற அப்பாயியின் பெயர் வரும்போது எங்கள் வீட்டில் மௌனந்தான். தாத்தா அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. என் தந்தையார் 'ஆத்தா' என்றே அழைத்தார். அக்கம்பக்கத்தார்க்கு அவர் இன்னாருடைய அம்மா. ஐயரும் பொதுவாக ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடுவார். பெற்று வளர்த்தவளுக்கு யாரோ ஒருத்தியின் பெயரில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது எனக்குப் பல ஆண்டுகள் உறுத்திக்கொண்டே இருந்தது.

தந்தையார் மறைந்தபின் அவருடைய தகரப் பெட்டியில் 1927ஆம் ஆண்டுப் பிறப்புப் பத்திரம் கிடைத்தது. தகப்பன் தொழில் முனிசிபல் கூலி. தகவல் சொன்னவர் என்ற இடத்தில் தாத்தாவின் கைநாட்டு. தாயின் பெயர் ஆங்கிலத்தில் 'வகாலி' என்று தோன்றும்படி எழுதப்பட்டிருந்தது. என் மகன் அது தமிழ்ப் பெயரே அல்ல என்றான். என் மனைவி இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, "வெக்காளி, உறையூர் அம்மன் பேருங்க" என்றாள். ஊர் தெரியாமல் இருந்த எங்களுக்குப் பெயரோடு திசையும் கிடைத்தது. உறையூர் வெக்காளியம்மனின் பெயரைப் பெண் குழந்தைக்கு இட்டவர்கள் திருச்சிப் பக்கத்தார் என்று எண்ணுவதில் தவறில்லை. அந்த ஆண்டு அமாவாசையன்று ஐயர் கேட்குமுன்னே நான் பெயரைச் சொன்னேன்.

அப்பத்திரத்தில் வீட்டு முகவரி கம்போங் கப்பூர் என்றிருந்தது. அத்தையோ, தாங்கள் குடியிருந்தது 'சுண்ணாம்புக் கம்பம்' என்றே சொல்லுவார். இரண்டும் வேறு வேறு இடங்களோ என்று ஐயுற வேண்டாம். கம்போங் என்னும் மலாய்ச் சொல் நம்மவர் வாயில் கம்பம் ஆயிற்று. மலாயில் கப்பூர் என்றால் சுண்ணாம்பு. அவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக் காளவாய்களால் வந்த பெயர் இது. ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தையே முன்னாளில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றார்கள். வரைபடத்தில் ஒரு பெயரும் மக்கள் வாயில் வேறொரு பெயருமாக இருப்பது இங்கு சாதாரணம். ஆகவே பெரியவர்கள் இடப்பெயர் சொன்னால் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தேக்கா வட்டாரத்தைப் பற்றி ஷாரன் சித்திக், நிர்மலா புருஷோத்தம் இருவரும் 1982இல் வெளியிட்ட ஆங்கில நூல் இத்துறையில் பெரிதும் உதவும்.

செய்தித்தாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1887 முதல் 1890 வரை வெளிவந்த சிங்கை நேசனும், 1935இல் தொடங்கிய தமிழ் முரசும், பழைய ஆங்கில ஏடுகளும் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் உள்ளன. பேரப்பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டால் ஒரு பிற்பகலில் பழகிவிடலாம். தலைப்புச் செய்திகளை விட்டுவிட்டு மரண அறிவித்தல், திருமண வாழ்த்து, உபயக்காரர் பட்டியல், பள்ளித் தேர்வு முடிவு இவற்றையே பாருங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979 முதல் சேகரித்துவரும் வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகளில் தமிழர் பலரின் குரல்களும் உண்டு. உங்கள் தாத்தா பேசியிருக்க வேண்டுமென்பதில்லை. அவரோடு ஒரே தெருவில் இருந்த ஒருவர் பேசியிருந்தாலும் போதும், அரிசி விலையும் அடுப்படியும் கண்முன் வந்துவிடும்.

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. பிடாதாரி இடுகாட்டுக் கல்லறைகள் 2001 முதல் 2006 வரை தோண்டி அகற்றப்பட்டன. உரியவர் வந்து கேட்டவற்றுக்கு விவரம் கிடைத்தது. கேட்க ஆளில்லாதவை எத்தனையோ. வீட்டிலும் இதே கதைதான். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய காகிதந்தான். கப்பல் டிக்கெட்டு, 1948இல் தொடங்கிய அடையாள அட்டை, பழைய பாஸ்போர்ட், வாடகை ரசீது, கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு எதையும் எறியாதீர்கள். மொய் நோட்டைப் போல உறவுமுறையைக் காட்டும் ஏடு வேறில்லை. யார் எவ்வளவு எழுதினார் என்பதிலேயே மாமன் யார், பங்காளி யார் என்று விளங்கிவிடும். கும்பாபிஷேக மலர்களில் வரும் நன்கொடையாளர் பட்டியல்களும் அப்படியே. பலர் அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் தாண்டுகிறார்கள். எனக்கு மலரில் பிடித்த பக்கங்கள் அவைதாம்.

வீட்டில் பெரியவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார வைத்துக் கேளுங்கள். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "எந்தக் கப்பலில் வந்தீர்கள், ரஜூலாவா? தீவில் எத்தனை நாள் அடைத்து வைத்தார்கள்? முதல் சம்பளம் எவ்வளவு, யாருக்கு அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் வாய் திறப்பதில்லை. பிறந்த வீட்டுப் பெயரையும் குலதெய்வத்தையும் ஊரோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

புகைப்படங்களின் பின்புறத்தில் இருப்பவர் பெயரை இடமிருந்து வலமாக எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்தின்மேல் வந்துவிடும். மெல்லிய பென்சிலே போதும். 'அம்மா', 'சித்தப்பா' என்று எழுதாமல் முழுப் பெயரையும் எழுதுங்கள்.