தடுமனும் வீட்டு வைத்தியமும்

மழை நாள்களில் நம் திகாம் பத்து வட்டாரத் தோட்ட வீடுகளில் தும்மலும் இருமலும் மிகுதல் இயல்பு. மழையில் நனைவதே இதற்குக் காரணம் என்பர் பலர். தடுமனைத் தருவது நச்சுயிர்க் கிருமியே. அதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. மழைக்கு அஞ்சி அடைந்த வீட்டில் நெருங்கியிருக்கும்போது அது எளிதில் தொற்றுகிறது.

அக்கிருமியை ஆண்டிபயாடிக் மாத்திரை கொல்லாது. பெரும்பாலும் 7 முதல் 10 நாள்களில் உடலே அதனை வென்றுவிடும். அதுவரை துன்பத்தைத் தணிப்பதே நம் கடமை.

1. நல்ல ஓய்வும், இளஞ்சூடான கஞ்சியும், மிளகு இரசமும் தருக.

2. தொண்டை வலிக்கு, ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிக்கச் செய்க.

3. இரவு இருமலுக்குச் சிறிது தேன் தருக. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது.

4. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். அளவு மருத்துவர் கூறியபடி. சிறுவர்க்கு ஆஸ்பிரின் கூடாது.

கொதிநீர்ச் சட்டியின்முன் பிள்ளைகளைப் போர்வைக்குள் அமர்த்தி ஆவி பிடிக்கச் செய்யும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். தடுமன் சில நாளில் நீங்கும். சட்டி கவிழ்ந்து வெந்த தழும்போ வாழ்நாள் முழுதும் நிற்கும்.

மூச்சு விரைதல், மூச்சிழுக்கையில் விலா உட்குழிதல், உதடு நீலமாதல், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவை வெறுந்தடுமனின் குறிகள் அல்ல; நுரையீரல் அழற்சியாகவும் இருக்கலாம். அந்நிலையில் கைவைத்தியம் பார்த்துக் காலந்தாழ்த்தாது, சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.

மாணவர்களே! தும்முகையில் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். சவர்க்காரமிட்டுக் கைகளை நன்கு கழுவுங்கள். வருமுன் காப்பதே சிறந்த வைத்தியம்.