அப்பாவை எங்கே வைப்பது?

அன்புள்ள பெரிய தம்பிக்கு,

அப்பாவுக்கு பாசிட்டிவ் என்று அம்மா போனில் சொன்னதிலிருந்து அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா, கோவிட் கேர் சென்டருக்கு அனுப்புவதா என்று கேட்டாயாம். முடிவு உன்னுடையது. அத்தை குறுக்கே நிற்கமாட்டாள்.

ஆனால் இந்தக் கேள்வி சென்னைக்குப் புதிதல்ல. 1956-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் காசநோயாளிகளில் பாதிப் பேர் சானடோரியத்திலும், மறுபாதிப் பேர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலும் அதே மாத்திரைகளை ஓராண்டு சாப்பிட்டார்கள். 1959-இல் முடிவு வந்தது: இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணம். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. உலகமே சானடோரியங்களை மூட அது வழிகாட்டியது.

நம் வீட்டுக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. காசநோய் வந்த பெரியத்தையை மாட்டுக்கொட்டகைப் பக்க அறையில் போட்டார்கள். அவள் தம்ளரில் ஆணியால் கீறி வைத்தார்கள். குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் அந்தத் தம்ளர்தான். தட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்த சின்னப் பையன் யார் என்று உன் அப்பாவுக்குத் தெரியும்.

கொரோனா வேறு, ஒப்புக்கொள்கிறாள் அத்தை. மாத்திரை போட்டதும் தொற்று அடங்காது. அறிகுறி தெரியுமுன்பே பரவும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவள் உள்ளே போகக் கூடாது. நீ போ, நல்ல மாஸ்க் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து. ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினால் யாரையும் யோசனை கேட்காதே, 108-ஐ அழை.

2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தார்கள். அவருடைய நண்பரான இன்னொரு டாக்டர்தான் இரவில் மண் அள்ளிப் போட்டார். உரிய உத்தரவில்லாமல் நோயாளி வீட்டுக் கதவில் போஸ்டர் ஒட்டாதீர்கள் என்று அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டிவந்தது. ஊர் பயப்படட்டும். வீட்டுக்குள் அந்தப் பயம் வந்தால் அப்பா எங்கே போவார்? கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரோடு பேசு.

சென்டருக்கு அனுப்பினாலும் தப்பில்லை கண்ணு, அங்கேயும் நல்லவர்கள்தான் பார்க்கிறார்கள். அத்தை பேசிய பேச்சையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே. உன்னைப்போல ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்! நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, தூங்கு. ஊரடங்கு முடிந்து பஸ் விட்டதும் முதல் வண்டியில் அத்தை வந்துவிடுவாள். ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணு.

அன்புடன்,
அத்தை