பிள்ளை வராத மாதத்திலும் வாடகை உண்டு





வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் கொரோனா காலத்தில் எப்படித் தாக்குப்பிடித்தன என்பதே இம்மாதப் பாடம். அமெரிக்காவில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அங்கே அரசு இதற்கென்றே பெரும் தொகை ஒதுக்கியது. அந்தப் பணம் யார் கைக்குப் போனது, யார் கைக்குப் போகவில்லை என்பதில் நம் மஹல்லாவுக்கும் படிப்பினை இருக்கிறது.

1. சிக்கல் எங்கே வந்தது?

2020 மார்ச்சில் பல காப்பகங்கள் மூடப்பட்டன. திறந்திருந்தவையும் குறைவான பிள்ளைகளையே சேர்த்துக்கொள்ள முடிந்தது. பிள்ளை வராவிட்டால் கட்டணம் வராது. ஆனால் வாடகையும் மின்கட்டணமும் நிற்கவில்லை. கிருமிநாசினி, முகக்கவசம் என்று புதிய செலவும் சேர்ந்தது. இந்த வேலையில் இருப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்; அவர்களின் சம்பளம் முன்பிருந்தே குறைவு. ஒரு காப்பகம் நிரந்தரமாக மூடப்பட்டால் அதை நடத்தியவர் மட்டும் நஷ்டப்படுவதில்லை. ஊரடங்கு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்க்குப் பிள்ளையை விட்டுச்செல்ல இடமில்லாமல் போகும்.

2. அரசு என்ன கொடுத்தது?

2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான சட்டத்தில் குழந்தைப் பராமரிப்புக்கு 350 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அந்த நாள்களில், ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகக் காப்பகங்களுக்குத் தரும் உதவித்தொகையைப் பல மாநிலங்கள் வருகையை எண்ணிக் கொடுக்கவில்லை. பெயர் பதிந்த எண்ணிக்கையை வைத்தே கொடுத்தன. அதே ஆண்டு டிசம்பரில் இன்னும் 1,000 கோடி டாலர் வந்தது.

2021 மார்ச் 11 அன்று வந்த சட்டம்தான் மிகப் பெரியது: மொத்தம் சுமார் 3,900 கோடி டாலர். அதில் சுமார் 2,400 கோடி, காப்பகங்கள் நிலைத்து நிற்பதற்கான மானியம். நோய்த்தொற்றால் தற்காலிகமாக மூடியிருந்தவர்களும், வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களும் விண்ணப்பிக்க முடிந்தது. சம்பளம், வாடகை, மின்சாரம், சுத்தம் ஆகியவற்றுக்குச் செலவிட முடிந்தது. அரசுக் கணக்குப்படி 2,20,000-க்கும் மேற்பட்ட காப்பகங்கள் பயன்பெற்றன.

வாங்குபவர் மூன்று உறுதிமொழிகள் தரவேண்டியிருந்தது: சுகாதார விதிகளைப் பின்பற்றுவேன், ஊழியர் சம்பளத்தைக் குறைக்க மாட்டேன், முடிந்தவரை பெற்றோரின் கட்டணச் சுமையைக் குறைப்பேன். கிடைத்த பணம் காப்பக உரிமையாளரிடம் தேங்காமல் ஊழியருக்கும் பெற்றோருக்கும் போய்ச் சேரவேண்டும் என்பதே இதன் நோக்கம். நம் மொழியில் சொன்னால், அந்தப் பணம் ஓர் அமானத்.

3. கடன் வேறு, மானியம் வேறு

இதற்கு முன்பே, 2020 ஏப்ரலில், சிறு தொழில்களுக்கு வங்கிகள் வழியாக இன்னொரு உதவி வந்தது. அது கடன். பெரும்பகுதியை ஊழியர் சம்பளத்துக்குச் செலவிட்டதாகக் காட்டினால் தள்ளுபடி கிடைத்தது. தள்ளுபடியாகாத பகுதிக்கு 1 சதவீத வட்டி. வட்டி சிறியது என்பதால் அது வட்டி இல்லை என்று ஆகிவிடாது. உதவி என்ற பெயரில் எது வந்தாலும், அது கடனா மானியமா, நிபந்தனை தவறினால் என்ன ஆகும் என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

4. விடுபட்டவர்கள் யார்?

அந்தக் கடன் திட்டத்தின் முதல் தவணை இரண்டே வாரத்தில் தீர்ந்துபோனது. வங்கியோடு ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்கள் முந்திக்கொண்டார்கள். தனியாகத் தொழில் செய்வோருக்கு, வரிக் கணக்கில் காட்டிய நிகர லாபத்தை வைத்தே ஆரம்பத்தில் தொகை முடிவானது. செலவு போக மிஞ்சியது சொற்பம் என்பதால், வீட்டில் காப்பகம் நடத்திய பெண்களில் பலருக்குக் கிடைத்ததும் சொற்பமே. பிறகு வந்த மானியமும், உரிமமோ பதிவோ பெற்றவர்களுக்கும் அரசின் உதவித் திட்டத்தில் ஏற்கெனவே இடம்பெறத் தகுதியானவர்களுக்கும்தான். எந்தப் பதிவும் இல்லாமல் அண்டை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணும் அதே உழைப்பைத்தான் உழைத்தார். ஆனால் அதைக் காட்ட அவரிடம் ஒரு தாளும் இல்லை.

மானியத்தைச் செலவிடும் காலக்கெடு 2023 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. வாடகைக்கும் சம்பளத்துக்கும் காப்பகங்கள் மீண்டும் பெற்றோர் தரும் கட்டணத்தையே பெரிதும் நம்பவேண்டியதாயிற்று.

5. நாம் செய்யவேண்டியது

நம் தெருக்களிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு குடும்பம் நடத்தும் சகோதரிகள் இருக்கிறார்கள். மக்தபில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுகளும் ஆலிமாக்களும் இருக்கிறார்கள். "தெரிந்தவர்தானே, எழுதி என்ன ஆகப்போகிறது" என்பது நம் வழக்கம். ஆனால் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி ஏவுகிறது. எழுதுவது அவநம்பிக்கை அல்ல. இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகளுக்கு: ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பிள்ளையின் பெயர், சேர்ந்த தேதி, வாங்கிய கட்டணம், வாடகை, உதவியாளருக்குக் கொடுத்த சம்பளம் ஆகியவற்றை மாதந்தோறும் எழுதுங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கட்டும்.

பெற்றோருக்கு: காப்பகமோ மக்தபோ மூடிய மாதத்தில், வசதி இருந்தால் கட்டணத்தை நிறுத்தாதீர்கள், பாதியாவது கொடுங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் தரவேண்டிய கட்டணத்தை ஜகாத்தாகக் கணக்கிடக் கூடாது. அது உழைப்புக்கான கூலி. அந்தச் சகோதரி ஜகாத் பெறத் தகுதியானவர் என்றால் அதைத் தனியாகக் கொடுங்கள்.

ஜமாஅத்துக்கு: இப்படி உழைப்பவர்களின் பட்டியலை இப்போதே தயாரிப்போம். ஆபத்து வந்த பிறகு பட்டியல் எழுத உட்கார்ந்தால், குரல் எழுப்பத் தெரிந்தவர்களின் பெயர்தான் முதலில் ஏறும். கூச்சத்தால் வாய் திறக்காதவர் விடுபட்டுப்போவார்.

நோட்டு எழுதவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் உதவி வேண்டும் சகோதரிகள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம்.

நம் பிள்ளைகளைப் பேணுவோரின் உரிமையைப் பேணும் மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கிவைப்பானாக! ஆமீன்.

செயலாளர்