வாசல் தேடும் நாய்

நுழையும்முன்

மனிதர் முதன்முதலில் பழக்கிய விலங்கு நாய். வேட்டையிலும் காவலிலும் நிரை மேய்த்தலிலும் உடன்நின்ற அவ்வுயிர், இன்று தெருவுக்கும் காப்பகத்துக்கும் வீட்டுக்கும் இடையே அலைகிறது. அடங்காத் துடிப்புடைய ஒரு காப்பக நாய்க்கு ஏற்ற வீட்டைத் தேடித் தருவதற்கு இரக்கம் மட்டும் போதாது. அறிவும் பொறுப்பும் சட்டத்தெளிவும் வேண்டும். அப்பணியின் இயல்பை இப்பாடம் விளக்குகிறது.

கல்லில் நின்ற பெயர்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்லில், கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. எருமை நிரையைக் காக்கும் பூசலில் அவ்வீரன் மாண்டான். கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. இச்செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு சிற்றூரார், தம் வீரனுக்கு எடுத்த கல்லில் அவன் நாயையும் பெயர் சொல்லி நிறுத்தியுள்ளனர்.

ஞமலி, ஞாளி என நாய்க்குப் பல பெயர்கள் வழங்கிய மொழி தமிழ். தீங்கு செய்தவனிடத்தும் அன்பு மாறாத அதன் இயல்பை நாலடியார் நட்புக்கு உவமையாக்கியது. தமிழ்நிலத்தில் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நாயினங்கள் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டன. முயலை விரட்டும் கால்களும், இரவெல்லாம் விழித்திருக்கும் காதுகளும் அவற்றுக்கு வாய்த்தன. இன்று நாம் 'அடங்காத்தனம்' என்று குறைகூறும் துடிப்பு, முன்னோர் விரும்பிப் பேணிய பண்பாகும். தொழில் போயிற்று, துடிப்பு மட்டும் எஞ்சியது.

தெரியுமா?
இந்திய அஞ்சல்துறை 2005ஆம் ஆண்டில் இந்திய நாயினங்களுக்கு நான்கு அஞ்சல்தலைகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று இராசபாளையம் நாய்க்கு உரியது.

சென்னையில் பிறந்த மாற்று வழி

தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் சென்னை மாநகராட்சியில் 1860ஆம் ஆண்டு தொடங்கியது. நூறாண்டுகளுக்கு மேல் கொன்றும் நாய்களின் எண்ணிக்கை குறையவில்லை; வெறிநாய்க்கடி நோயும் ஒழியவில்லை. ஓரிடத்து நாய்கள் அகற்றப்பட்டால், உணவுள்ள அவ்விடத்திற்குத் தடுப்பூசி பெறாத வேற்று நாய்கள் வந்துசேரும். அவை விரைவில் பெருகும் என்பதே காரணம்.

விமானியான கேப்டன் வி. சுந்தரமும், விமானியான அவர் துணைவியார் உஷா சுந்தரமும் 1959ஆம் ஆண்டில் சென்னையில் இந்தியப் புளூ கிராஸ் அமைப்பைத் தோற்றுவித்தனர். கொல்லாமல் கருத்தடை அறுவை செய்து, தடுப்பூசியிட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்னும் மாற்று வழியை அவ்வமைப்பு 1964 முதல் வலியுறுத்தியது. 1996இல் சென்னை மாநகராட்சி அவ்வழியை ஏற்றது. 2001இல் நாடு முழுமைக்குமான விதிகள் வந்தன. அவற்றுக்கு மாற்றாக 2023இல் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன.

எனினும் எல்லா நாய்களும் தெருவுக்குத் திரும்ப இயலாது. தாயை இழந்த குட்டிகள், வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்டவை, ஊனமுற்றவை ஆகியன காப்பகத்திலேயே தங்கிவிடுகின்றன. அவற்றுக்கு மீட்பு ஒன்றே: ஒரு வீடு.

துடிப்பு குற்றமாவது எவ்வாறு?

காப்பகத்துக்கு நாய் தேடி வரும் குடும்பம் பெரும்பாலும் அமைதியான நாயையே விரும்புகிறது. மூலையில் படுத்து மெல்ல வாலாட்டும் நாய் விரைவில் வீடு பெறுகிறது. கம்பிவலை மீது பாய்ந்து குரைத்து, கதவு திறந்ததும் தோள் உயரத்துக்குத் தாவும் நாயைக் கண்டோர் அஞ்சி விலகுகின்றனர். அதனால் அது கூண்டிலேயே நாள்களைக் கழிக்கிறது. அடைபட்ட நாள்கள் கூடக்கூட உடலில் தேங்கிய ஆற்றலும் மனத்தில் மூண்ட தவிப்பும் மிகுகின்றன. அடுத்து வருவோர் முன் அது இன்னும் உயரத் தாவுகிறது. வீடு கிடைக்காமையே துடிப்பை வளர்க்கிறது. வளர்ந்த துடிப்பே வீடு கிடைக்காமைக்குக் காரணமாகிறது. இச்சுழலை உடைப்பதே காப்பகப் பணியாளரின் முதற்கடமை.

அதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, உடலுக்கு உழைப்பு: நாள்தோறும் இருவேளை நடையும் ஓட்டமும். இரண்டாவது, மூக்குக்கு வேலை: உணவைத் தட்டில் வைக்காமல் புல்லிலும் பழந்துணி மடிப்புகளிலும் ஒளித்துவைத்துத் தேடச் செய்தல். மோப்பத்தால் உலகை அறியும் உயிருக்குத் தேடல் பெரும் நிறைவு தரும். மூன்றாவது, பணிவுக்குப் பயன்: தாவும்போது முகங்கொடாமல் திரும்பி நின்று, நான்கு கால்களும் தரையில் படும்போது மட்டும் தடவியும் தின்பண்டம் தந்தும் பாராட்டுதல். தாவினால் எதுவும் கிடைக்காது, அமர்ந்தால் எல்லாம் கிடைக்கும் என்பதை நாய் தானே உணர்ந்துகொள்ளும். அடித்துத் திருத்த முயன்றால் அச்சம் வளரும். அஞ்சிய நாயே பெரும்பாலும் கடிக்கும்.

பந்துக்காக உழைத்த நாய்

அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியலாளர் சாமுவேல் வாசர் 1997இல் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கினார். காட்டுயிர்களின் எச்சத்தை மோப்பத்தால் கண்டறிய நாய்களைப் பழக்குவது அத்திட்டம். அதற்கு அவர்கள் உயர்ந்த இனநாய்களைத் தேடவில்லை. எந்தக் குடும்பமும் ஏற்கத் தயங்கிய, பந்து விளையாட்டில் தணியாத வெறிகொண்ட காப்பக நாய்களையே தேடினர். எச்சத்தைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும் என்பதே பயிற்சியின் சாரம்.

அவ்வாறு வந்த நாய்களுள் ஒன்று டக்கர். சியாட்டில் நகரத் தெருக்களில் திரிந்த கருநிற நாயான அது, படகின் முனையில் நின்று ஓர்க்கா திமிங்கிலங்களின் எச்சம் மிதக்கும் திசையைக் காட்டியது. எச்சம் நீரில் அமிழ்வதற்குள் எடுத்தாக வேண்டும். அதனை ஆராய்ந்தால் திமிங்கிலம் பசியால் வாடுகிறதா, கருவுற்றுள்ளதா, நச்சுப்பொருள்களால் தாக்குண்டுள்ளதா என்பவற்றை அவ்விலங்கைத் தொடாமலேயே அறியலாம். கடலில் தொழில் செய்த டக்கருக்கு நீரில் இறங்குவது பிடிக்காது என்பது சுவையான செய்தி. குறை எனக் கருதப்பட்ட துடிப்பு, தக்க இடம் கிடைத்ததும் ஆற்றலாயிற்று.

ஒவ்வொரு நாயும் திமிங்கிலம் தேடப் போவதில்லை. ஆயினும் 'இந்நாயை எவ்வாறு அடக்குவது?' என்னும் வினாவை விட, 'இந்நாயின் துடிப்புக்கு எவ்வீடு இடமளிக்கும்?' என்னும் வினாவே பயன்தரும் என்பதை டக்கரின் வாழ்வு காட்டுகிறது.

கடைமடையில் ஒரு வீடு

காரைக்காலை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த இந்நிலம், கிழக்கே வங்கக்கடலும் ஏனைய திசைகளில் தமிழ்நாட்டு மாவட்டங்களும் சூழ அமைந்தது. அரசலாறு கடலில் கலக்கும் இக்கடைமடைப் பகுதியில் மூவகை வீடுகளைக் காணலாம். துடிப்புள்ள நாயொன்றுக்கு இவற்றுள் எது ஏற்றது?

கிளிஞ்சல்மேடு போன்ற மீனவர் ஊரில் ஓடுவதற்கு நெடுங்கடற்கரை உண்டு. ஆனால் அங்கு ஏற்கெனவே எல்லை வகுத்து வாழும் நாய்க்கூட்டங்கள் புதுநாயைத் தாக்கலாம். மேலும், தை முதல் பங்குனி வரையிலான மாதங்களில் இக்கரையோரங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. மணலைத் தோண்டும் நாய் ஒரே இரவில் ஒரு கூட்டையே அழித்துவிடும். எனவே கடற்கரையில் பிடிகயிறு இன்றி நாயை விடுதல் தகாது. நெடுங்காடு போன்ற வேளாண் ஊரில் கொல்லையும் வயல்வரப்பும் உண்டு. ஆனால் கோழியும் ஆடும் நாயின் வேட்டை இயல்பைத் தூண்டும். வயலில் பாம்பும் பூச்சிக்கொல்லியும் உள்ளன. நகரத்துத் தெருவீட்டில் இடம் குறைவு. முதியோரும் குழந்தைகளும் இருப்பின், அன்பால் தாவும் நாயே அவர்களைக் கீழே தள்ளிவிடக் கூடும்.

இடம் பெரிதாயிருந்தால் போதும் என்பது பரவலான தவறெண்ணம். பரந்த கொல்லையில் தனியே விடப்பட்ட நாய் ஓடுவதில்லை. வாயிலருகே படுத்து ஆளை எதிர்பார்த்திருக்கும், அல்லது வேலியைத் தோண்டும். சிறிய வீடாயினும் நாள்தோறும் ஒரு மணி நேரத்தைத் தவறாமல் தரும் ஒருவர் இருப்பின், அதுவே நல்ல வீடு. நாய்க்கு வேண்டுவது நிலத்தின் பரப்பன்று, மனிதரின் நேரம்.

தட்பவெப்பத்தையும் எண்ண வேண்டும். நாய் பெரும்பாலும் நாவை நீட்டி இளைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. காற்றில் ஈரம் மிக்க கடற்கரை ஊரில் அவ்வழி எளிதில் பயன்தராது. ஆகவே கோடையில் கதிர் எழுமுன்னும் கதிர் சாய்ந்த பின்னுமே நடத்திச் செல்ல வேண்டும். நண்பகலின் தார்ச்சாலை அதன் பாதங்களைச் சுட்டுவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலப்பதால் எலிக்காய்ச்சல் பரவும். அதற்குரிய தடுப்பூசியை மருத்துவர் அறிவுரைப்படி இடுதல் நலம்.

எல்லையைத் தாண்டும் பொறுப்பும் காரைக்காலுக்கு உண்டு. ஒரு தெருவின் முனையில் ஓர் ஆட்சிப்பகுதி முடிந்து மற்றொன்று தொடங்கலாம். நாய்க்கு அவ்வெல்லை தெரியாது. இருபுறத்து உள்ளாட்சிகளும் ஒருசேரத் தடுப்பூசியும் கருத்தடையும் மேற்கொண்டால்தான் இருபுறத்து மக்களுக்கும் பாதுகாப்புக் கிட்டும்.

கையளிக்கும் முன்

நல்ல காப்பகம் நாயின் குறைகளை மறைப்பதில்லை. 'இது தாவும்; கோழியை விரட்டும்; தனித்திருந்தால் குரைக்கும்' என்று முன்னரே சொல்வது, நாயைத் தடுப்பதற்காகவன்று; நாய் திரும்பி வராமல் இருப்பதற்காக. பகலில் வீட்டில் யார் இருப்பார்? மதிலின் உயரம் என்ன? வாடகை வீடாயின் உரிமையாளர் இசைந்தாரா? வெளியூர் செல்லும்போது யார் பார்த்துக்கொள்வார்? வீட்டார் அனைவரும் விரும்புகின்றனரா, ஒருவர் மட்டுமா? இவ்வினாக்களுக்கு நேர்மையான விடை பெறாமல் நாயைத் தருவது, அதற்கு மீண்டும் ஒரு பிரிவைத் தருவதாகவே முடியும்.

புதுவீட்டில் நாய் அமைதியுற மூன்று நாள், வழக்கங்களை அறிய மூன்று வாரம், தன் வீடென உணர மூன்று மாதம் ஆகும் என்பது காப்பகத்தார் பலர் கூறும் பொதுக்கணக்கு. முதல் வாரத்திலேயே 'இது சரிப்படாது' என்று முடிவுசெய்வோர், நாயின் இயல்பையன்று, அதன் அச்சத்தையே கண்டவராவர்.

சட்டமும் அறமும்

மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் மேற்கொண்ட முயற்சியின் விளைவாக, விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. 1962இல் அமைந்த இந்திய விலங்குநல வாரியத்திற்கு அவரே தலைமையேற்றார். வளர்த்த விலங்கைத் தக்க காரணமின்றிப் பசியிலும் தாகத்திலும் வாட விட்டு நீங்குவது அச்சட்டப்படி குற்றம். உயிர்களிடத்து இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என அரசமைப்பின் 51அ(எ) பிரிவு கூறுகிறது.

2025 ஆகத்து 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றது. அந்நாய் மீண்டும் தெருவுக்கு வாராமல் காப்பது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்றும் வரையறுத்தது. கடிபட்டுத் துன்புறும் மக்களின் பாதுகாப்பும் நாய்களின் வாழ்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தடுப்பூசி பெற்று, கருத்தடை செய்யப்பட்டு, வீடு பெற்ற ஒவ்வொரு நாயும் தெருவின் அச்சத்தில் ஒன்றைக் குறைக்கிறது.

கோவிவன் பெயரைக் கல்லில் பொறித்தவர், அதற்கு ஒரு வேலையும் ஓர் ஊரும் தந்தவர். காப்பகத்தில் தாவிக் குதிக்கும் நாய் கேட்பதும் அவ்விரண்டையே. அதைத் தரவல்லவர் முன்வருக. தர இயலாதவர் தம் இயலாமையை முன்னரே உணர்ந்து விலகுதலும் அந்நாய்க்குச் செய்யும் நன்மையே.

தெரிந்து தெளிவோம்
நாய் கடித்தால் உடனே காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு முதலியவற்றைத் தடவலாகாது. காலந்தாழ்த்தாமல் மருத்துவமனை சென்று தடுப்பூசித் தவணைகள் அனைத்தையும் போட்டுக்கொள்ள வேண்டும். நோய்க்குறி தோன்றியபின் வெறிநாய்க்கடி நோயிலிருந்து உயிர்பிழைப்பது மிக அரிது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் உள்ள மூன்று வீடுகளைக் கருதி, துடிப்புள்ள நாய்க்கு எது ஏற்றது எனக் காரணங்களுடன் வகுப்பில் கலந்துரையாடுக.
2. காப்பகத்தில் நீண்டநாள் தங்கிய நாயொன்றைப் பற்றி, அதன் நிறைகுறைகளை மறைக்காமல் ஓர் அறிவிப்பு எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
எடுத்தனூர் நடுகல்லில் பெயர் பொறிக்கப்பட்ட நாய்
அ) ஞமலி ஆ) கோவிவன் இ) டக்கர் ஈ) கோம்பை

குறுவினா
1. தெருநாய்களைக் கொல்வதால் அவற்றின் எண்ணிக்கை குறையாமைக்குக் காரணம் யாது?
2. கடற்கரையில் நாயைப் பிடிகயிறு இன்றி விடலாகாது என்பது ஏன்?

சிறுவினா
காப்பக நாயின் துடிப்பு மிகுவதும் வீடு கிடைக்காமையும் ஒன்றையொன்று வளர்ப்பதை விளக்குக.

நெடுவினா
'நாய்க்கு வேண்டுவது நிலத்தின் பரப்பன்று. மனிதரின் நேரம்' – இக்கூற்றைப் பாடப்பகுதிச் சான்றுகளுடன் நிறுவுக.