விவசாயத் தொழினுட்பப் பட்டத்துக்கு எந்தப் பாதை?



"புள்ளைக்கு மண்ணும் செடியுமுன்னா உசிரு. விவசாயந்தான் படிப்பேங்கிறான். என்னத்த எடுத்துப் படிக்கணும்?" என்று லயத்து வாசலில் நின்று கேட்கும் அம்மாமார் பலர். நல்ல கேள்விதான். ஆனால் உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். சாதாரண தரப் பெறுபேறு வருமுன்பே கேட்க வேண்டும். எந்தப் பட்டம் வேண்டும் என்று முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற பாடங்களைப் பிறகு தெரிவு செய்வதே முறை.

முதலாம் பாதை: பாடசாலை

உயர்தரத்தில் தொழினுட்பவியல் பிரிவு 2013இல் ஆரம்பமானது. உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் பட்டத்துக்குப் போக விரும்பும் பிள்ளை, அதே பெயருள்ள பாடத்தையும் தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானத்தையும் கட்டாயம் எடுக்க வேண்டும். மூன்றாவதாக விவசாய விஞ்ஞானம், புவியியல் போன்ற பாடங்களில் ஒன்றை எடுக்கலாம். மூன்றிலும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும். பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியாவது வேண்டும். அதன் பிறகு இசட் புள்ளியையும் மாவட்டத்தையும் பார்த்து இடம் கிடைக்கும். யாழ்ப்பாணம், தென்கிழக்கு, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகங்களில் இந்தப் பட்டம் உண்டு.

இங்கேதான் பலர் தவறு விடுகிறார்கள். "விவசாய விஞ்ஞானம் படிச்சாப் போதுந்தானே" என்று அதைக் கலைப் பாடங்களோடு சேர்த்து எடுத்து விடுகிறார்கள். மூன்றிலும் நல்ல சித்தி கிடைத்தாலும் அந்தச் சேர்க்கையால் விவசாயப் பட்டத்துக்குப் போக முடியாது. பேராதனை விவசாய பீடத்துக்குப் போவதென்றால் விஞ்ஞானப் பிரிவில் இரசாயனவியலோடு படித்திருக்க வேண்டும். பக்கத்துப் பாடசாலையில் தேவையான பாடம் இல்லையென்றால், அது இருக்கும் பாடசாலையை முன்கூட்டியே தேடுங்கள்.

இரண்டாம் பாதை: தொழிற்பயிற்சி

உயர்தரம் சரிவராத பிள்ளையின் கதை அதோடு முடிவதில்லை. தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்கள் கொண்ட ஏணி. நான்காம் மட்டம் வரை சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட, இரத்மலானையிலுள்ள தொழினுட்பவியற் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இந்தப் பாதையில் வருவோருக்கானது. ஒரே துறையில் ஏறினால்தான் மேலே போகலாம். இன்றைக்குத் தையல், நாளைக்கு வயரிங், அப்புறம் விவசாயம் என்று மூன்றாம் மட்டச் சான்றிதழ்களைச் சேர்த்தால் ஏணியில் ஒரு படியும் கூடாது.

நாற்றுமேடையில் பல வருசம் வேலை செய்தவர்களும் இதைக் கவனிக்கலாம். அனுபவத்தைப் பரிசோதித்துத் தகைமை வழங்கும் 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற முறையும் உண்டு.

சேருமுன் கேளுங்கள்

1. இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. மட்டம் உண்டா? எத்தனையாவது மட்டம்?
2. இதை முடித்தால் அடுத்த மட்டத்தை எங்கே படிக்கலாம்?
3. எந்த மொழியில் நடக்கிறது?

பதிலை வாயால் கேட்டால் மட்டும் போதாது, எழுத்தில் வாங்குங்கள். பட்டப்படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், ஆங்கிலத்தை இப்போதிருந்தே விடாமல் படிக்கச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுப் பத்திரம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தவும் நாளாகும்.