ரெக்கார்டு நோட்டில் ஒரு கையெழுத்து

அன்பு மருமகளே,

விடுதிச் சாப்பாடு பரவாயில்லை என்று நீ சொன்னதாக அண்ணன் போனில் சொன்னார். சேர்க்கை அன்று எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டாள் என்று கேட்டேன். "பெரிய கட்டு. நீட்டிய இடத்தில் எல்லாம் நானும் அவளும் போட்டுக்கொண்டே போனோம்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தக் கட்டில் ராகிங் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழி இருந்திருக்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த விதிமுறைப்படி மாணவரும் பெற்றோரும் அதைக் கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் அதற்கும் முன்பே, 1997-இல், ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு சிதம்பரத்தில் நாவரசு என்ற முதலாண்டு மருத்துவ மாணவரை சீனியர் ஒருவர் கொன்றார். நாவரசுவின் தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவர் பிள்ளையையே காக்க முடியவில்லை. அந்தத் தாளை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதே. இன்று எடுத்து ஒருமுறை நிதானமாகப் படி.

நீ யாரையும் ராகிங் செய்யமாட்டாய், தெரியும். என் கவலை வேறு. அதை என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு, மாடல் பிராக்டிகல். ப்யூரெட்டில் பெர்மாங்கனேட், கூம்புக் குடுவையில் ஃபெரஸ் சல்பேட். சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் இளஞ்சிவப்பு நிறம் மறையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். எனக்குக் கை நடுங்கியது. பக்கத்து மேசைத் தோழியின் தாளை எட்டிப் பார்த்தேன். 18.4 என்று எழுதியிருந்தாள். நானும் 18.4 என்று எழுதி, கீழே இன்னொரு 18.4 போட்டு, கணக்கையும் முடித்துவிட்டேன்.

மேடம் தாளைப் பார்த்தார். ஒவ்வொருத்தி குடுவையிலும் வெவ்வேறு அளவு கரைசல் ஊற்றிக் கொடுத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் திட்டவில்லை. ப்யூரெட்டைத் திரும்ப நிரப்பச் சொல்லி, பக்கத்திலேயே நின்றார். பெர்மாங்கனேட் அடர்நிறம், அதனால் மேல் விளிம்பை வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும் என்பதுகூட எனக்கு அன்றுவரை தெரியாது. ஒரு சொட்டு விட வேண்டிய இடத்தில் நாலு சொட்டு விழுந்து, கரைசல் கருஞ்சிவப்பாகிவிட்டது. "ஏறினதையே எழுதும்மா. அடுத்ததில் பிடிக்கலாம்" என்றார். மூன்றாம் முறை பிடித்தேன். எனக்கு வந்த அளவு 14-ஐச் சுற்றி இருந்தது. 18.4-க்குப் பக்கத்தில்கூட இல்லை.

அடுத்தவள் அளவைத் திருடியதில் யாருக்கு நஷ்டம் என்று அன்று புரிந்தது. ஒன்றரை வருடமாக என் ரெக்கார்டு நோட்டில் எல்லா அளவும் அழகாக ஒத்துப்போயின. விடையை முதலில் தெரிந்துகொண்டு பின்பக்கமிருந்து கணக்குப் போட்டால் ஒத்துத்தானே போகும்! கை மட்டும் எதையும் கற்றிருக்கவில்லை.

மேற்படிப்புக்குப் போனால் 2018-ஆம் ஆண்டின் கருத்துத் திருட்டுத் தடை விதிமுறை உனக்கும் வரும். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் தர முடியாது. அதைத் தாண்டினால் பதிவே ரத்து. நல்ல விதிதான். ஆனால் மென்பொருள் சொல்லைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். நீ பார்க்காத அளவைப் பார்த்ததாக எழுதினால் அதற்குத் தெரியாது. காசு வாங்கிக்கொண்டு ப்ராஜெக்ட் செய்து தரும் கடையிலிருந்து வந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் "இது என் சொந்த உழைப்பு" என்று நீ கையெழுத்திட்டால், அந்தப் பொய் உனக்கும் அந்தக் கடைக்கும் மட்டும்தான் தெரியும். சாட்ஜிபிடியிடம் சந்தேகம் கேள், தப்பில்லை. ஆசிரியர் அனுமதித்த அளவோடு நிறுத்திக்கொள். அது எழுதியதை நீ எழுதியதாகக் கொடுக்காதே.

படித்து முடித்து மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் உட்காருவேன் என்கிறாய். அங்கே ஒவ்வொரு பேட்ச் அறிக்கையிலும் சோதித்தவர் கையெழுத்து இருக்கும். அதை நம்பித்தான் அந்த மாத்திரை ஒரு குழந்தையின் வாய்க்குப் போகிறது. அங்கே பின்பக்கமிருந்து கணக்குப் போடும் ஆளாக நீ இருக்கக் கூடாது. அந்தப் பழக்கம் வேலைக்குச் சேர்ந்த பிறகு திடீரென்று வருவதில்லை. இந்த முதல் செமஸ்டரில், யாரும் பெரிதாக நினைக்காத ரெக்கார்டு நோட்டில்தான் தொடங்குகிறது.

திங்கள்கிழமை வருகைத்தாள் சுற்றி வரும். தூங்கிக்கொண்டிருக்கும் தோழிக்கும் சேர்த்துப் போடு என்று யாராவது கேட்பார்கள். மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடு. லேபில் உன் அளவு தப்பாக வந்தால் தப்பானதையே எழுதி மேடத்திடம் காட்டு. என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை