விரால் பிடிக்க மரத்தவளை

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் போன்ற பகுதிகளில் பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டு வளர்க்க விரும்பும் விவசாயிகள் முதலில் கவனிக்க வேண்டியது விராலைத்தான். மழை வெள்ளத்தோடு குட்டைக்குள் வந்துவிடும் விரால், விட்ட குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். வலை இழுத்தால் சேற்றில் பதுங்கித் தப்பும். தூண்டிலே இதற்கு ஏற்றது.

வயல் தவளையை உயிருடன் முள்ளில் கோத்து விரால் பிடிப்பது பழைய வழக்கம். ஆனால் நெல் வயலில் பூச்சிகளைத் தின்று நமக்குக் கூலியின்றி உழைப்பது அந்தத் தவளைதான். தவளைக்கால் ஏற்றுமதியை நம் நாடு 1987இல் நிறுத்தியது. எனவே வயல் தவளையை வயலிலேயே விட்டுவிட்டு, மரத்தில் ஒன்று செய்துகொள்வது நல்லது.

நன்கு காய்ந்த கல்யாண முருங்கைக் கட்டை போதும். இலேசானது, கத்திக்கு எளிதில் வளையும். 6 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. கனத்தில் முதுகு தட்டையாகவும் வயிறு உருண்டையாகவும் செதுக்குங்கள். மூக்கைச் சற்றுக் குழிவாக விட்டால், இழுக்கும்போது தண்ணீரில் 'பளக்'கென்று ஓசை எழும். விரால் அந்த ஓசைக்கு வரும்.

இனி முள்ளைப் பொருத்தும் முறை. பலர் மூக்கில் ஒரு திருகு வளையம், வாலில் ஒரு திருகு வளையம் என்று மாட்டிவிடுகிறார்கள். இது தவறு. மென்மரம் நீரில் ஊறியதும் திருகு கழன்று வரும். மீனும் போகும், முள்ளும் அதன் வாயோடு போகும்.  இழுவை முழுவதும் கம்பியின்மேல் விழ வேண்டும்; மரம் கம்பிக்குப் போர்த்திய சட்டை மட்டுமே.

ஆகவே வயிற்றின் நடுவே, மூக்கிலிருந்து வால்வரை ரம்பத்தால் ஒரு பள்ளம் அறுங்கள். துருப்பிடிக்காத 1 மி.மீ. கம்பியை அதில் நீளவாக்கில் பதித்து, இருபுறமும் வளையமாக மடக்கி, முனையைக் கம்பியின் மேலேயே நான்கைந்து சுற்று சுற்றுங்கள். வால் வளையத்தை மூடும் முன்பே தூண்டில் முள்ளை அதில் கோத்துவிட வேண்டும். முள் தாராளமாக அசைய வேண்டும். இறுகி நின்றால் துள்ளும் மீன் அதை நெம்பிக் கழற்றிவிடும்.

அடுத்து ஈயம். கடையில் விற்கும் சிறு ஈயக்குண்டை வாங்கி அதே பள்ளத்தில், நடுவிலிருந்து சற்று வால் பக்கமாக வையுங்கள். வீட்டில் ஈயத்தை உருக்க வேண்டாம். அதன் புகை நஞ்சு. பசை போடும் முன் நூலால் கட்டி, வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். முதுகு மேலேயும் வால் சிறிது தாழ்ந்தும் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஈயத்தை எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். என் கருத்தில், சாயம் எந்த நிறம் என்பதைவிட மிதக்கும் நிலையே முக்கியம்.

நிலை சரியானதும் இரு குழாய்களில் வரும் கெட்டிப் பசையில் மரத்தூள் கலந்து பள்ளத்தை அடைத்து, ஒரு நாள் காயவைத்து, இரண்டு பூச்சு வர்ணம் அடியுங்கள். பழைய சைக்கிள் டியூபில் இரண்டு வார் நறுக்கி முள்ளின் தண்டில் கட்டினால் அவையே பின்னங்கால்கள்.

நீரில் போடும் முன் ஒரு சோதனை. மூக்கு வளையத்தை ஆணியில் மாட்டி, வால் வளையத்தில் 5 லிட்டர் தண்ணீர் உள்ள வாளியைக் கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். வளையம் விரிந்தால் கம்பியை மாற்றுங்கள்.

காலையிலும் மாலையிலும் வீசலாம். விழுந்ததும் சற்று அசையாமல் விட்டு, பிறகு வெட்டி வெட்டி இழுங்கள். ஆம்பலும் பாசியும் அடர்ந்த இடத்தில் முள் சிக்கும். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் விரால் எதையும் பாய்ந்து கவ்வும். கெண்டை வளர்க்கும் சொந்தக் குட்டையில் அதைப் பிடித்தே ஆக வேண்டும். பொது ஏரியில் குஞ்சுகள் பிரியும் வரை விட்டுவிடுங்கள். ஏரி குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுந்த நரம்பையும் முள்ளையும் வரப்பில் போட்டுவிட்டு வர வேண்டாம். புல்லோடு மாட்டின் வாய்க்குள் போய்விடும்.